தட்டான் திரும்பி வரும் குச்சி

படம் எடுக்கப் போகும்போது தட்டான் பறந்துவிட்டால் அதன் பின்னால் ஓடாதீர்கள். அது உட்கார்ந்திருந்த குச்சியின் பக்கத்திலேயே அசையாமல் இருங்கள். பல சமயம் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அதே குச்சிக்கு, அதுவும் அதே நுனிக்கு, திரும்பி வந்து உட்காரும். அது போன இடைவெளியில் நீங்கள் அரை அடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டால் போதும்; திரும்பி வரும் தட்டானுக்கு நீங்கள் ஏற்கெனவே அங்கே கிடந்த ஒரு கல் மாதிரிதான். மறுபடி பறக்கும், இன்னும் அரை அடி. நான்கைந்து சுற்று முடிவதற்குள் லென்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்தான் மிஞ்சியிருக்கும்.

எல்லாத் தட்டான்களும் இப்படி இல்லை. நாள் முழுக்க இறங்காமல் வட்டமடிக்கும் வகைகளும் உண்டு. அவற்றை அதிகாலையில் பறக்கத் தொடங்கும் முன்பு, இரவு தங்கிய இடத்திலேயே தேடிப் பார்ப்பதுதான் வழி. ஆனால் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே வேட்டைக்குக் கிளம்பும் வகைகள் ஏராளம். கொள்ளைக்கார ஈயும் அதே பழக்கம் உள்ளது. பறக்கும் இரையைப் பாய்ந்து பிடிக்கும், புறப்பட்ட இடத்துக்கோ அதன் பக்கத்துக்கோ வந்து உட்கார்ந்து சாவகாசமாக உறிஞ்சும். இரை கையில் இருக்கும்போது அது எளிதில் கிளம்பாது என்பதால் படம் எடுக்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் ஒன்றரை வருடம் நான் துரத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் காலத்துப் படங்களில் பாதிக்கு மேல் பூச்சியின் முதுகுதான் இருக்கிறது.

மேக்ரோவில், அதாவது மிக அருகிலிருந்து பெரிதாகப் படம் பிடிக்கும் முறையில், பூச்சிகளை எடுக்க ஆரம்பித்து இது ஒன்பதாவது வருடம். புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். அதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். ஆனால் என்னிடம் இருக்கும் நல்ல படங்களைத் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒரு பூச்சி காலையில் என்ன செய்யும், வெயில் ஏறினால் எங்கே போகும், இருட்டினால் எங்கே ஒதுங்கும் என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் அதன் நல்ல படம் வந்திருக்கிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் அப்படித்தான்.

காலையை எடுத்துக்கொள்வோம். உடம்புச் சூட்டை எந்நேரமும் ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் வசதி பூச்சிகளுக்கு இல்லை. இரவுக் குளிரில் பறக்கும் தசைகள் வேலை செய்யாமல் கிடக்கும். கிளம்ப நினைத்தாலும் உடனே முடியாது. அதனால் விடிந்து முதல் ஒரு மணி நேரம் நமக்குக் கிடைக்கும் பெரிய கொடை. புல்வெளியில் நின்றபடி கீழே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குந்தி உட்கார்ந்து, வெளிச்சம் வரும் திசையைப் பார்த்தபடி, புல் நுனிகளின் மட்டத்தில் கண்ணை மெதுவாக ஓட்டுங்கள். பனி படிந்த இறக்கைகள் கண்ணாடிச் சில்லு மாதிரி மின்னும். ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு மூன்று இருக்கும்.

அப்படி ஒரு காலையில் சிவப்புத் தட்டான் ஒன்றின் எதிரில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் படுத்திருந்தேன். முகமெல்லாம் பனித்துளி. கூட்டுக்கண் என்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கண்கள் சேர்ந்தது; பெரிய தட்டான் வகைகளில் ஒரு கண்ணுக்குள் இருபதாயிரத்துக்கும் மேல் இருக்கும். அந்தக் கண்ணின் மேல் ஒரு துளி உருண்டு நின்றிருந்தது. துளிக்குக் கீழே இருந்த அறுகோணங்கள் மட்டும் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி பெரிதாகத் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் வெயில் அதன் மார்பைத் தொட்டது. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, கண்ணை மேலிருந்து கீழாக ஒருமுறை வழித்தது. துளி போய்விட்டது. அப்புறம் மறுகண். பிறகு இறக்கைகள் நடுங்க ஆரம்பித்தன. பறக்காமலே பறக்கும் தசைகளை அசைத்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கிறது. நமக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது. நடுக்கம் தொடங்கிவிட்டால் அதிகம் போனால் சில நிமிடங்கள்தான். எடுக்க வேண்டிய கோணம் ஏதாவது பாக்கி இருந்தால் அப்போதே எடுத்துவிட வேண்டும்.

நடு வெயிலில் அதே தட்டான் வேறு ஆளாகிவிடும். சில வகைகள் வாலை நேராகச் சூரியனை நோக்கித் தூக்கிக்கொண்டு தலைகீழாக நிற்பது மாதிரி நிற்கும். வெயில் படும் பரப்பு அப்போது குறைகிறது, உடம்பு அதிகம் சூடாகாது. கறுப்புப் பின்னணி தேடி அலையாமல் வானத்தையே பின்னணியாக வைத்து எடுக்கத் தகுந்த காட்சி அது. ஈக்கள் வாயிலிருந்து ஒரு நீர்க்குமிழை ஊதி, உள்ளிழுத்து, மறுபடி ஊதுவதையும் பார்த்திருப்பீர்கள். அதற்கும் உடம்பைக் குளிர்விப்பதில் பங்கு உண்டு. குமிழிலிருந்து நீர் ஆவியாகும்போது சூடும் போகிறது. குமிழ் ஊதும் ஈ ஒரே இடத்தில் பொறுமையாக உட்கார்ந்திருக்கும். குமிழுக்குள் சுற்றியிருக்கும் செடிகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். அதற்கு ஃபோகஸ் வைத்துப் பாருங்கள்.

சரி, எப்படி நெருங்குவது? பூச்சியின் கண் நுட்பமான உருவத்தைவிட அசைவைத்தான் நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டில் நகர்ந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். நேர்க்கோட்டில், அதன் மட்டத்தில், மெதுவாகப் போனால் உங்கள் உருவம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறதே தவிர, குறுக்கே எதுவும் ஓடுவதில்லை. கேமராவை இடுப்பிலிருந்து முகத்துக்குத் தூக்குவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. பத்தடி தள்ளியே கேமராவை முகத்தில் வைத்துக்கொண்டு பிறகு நகரத் தொடங்குங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது. நிழல் விழுந்தால் பறவை வந்த மாதிரி. மேலே இருந்து குனிவதும் அப்படியே. பூச்சிகளை எடுப்பவர்களின் முழங்கால் எப்போதும் மண்ணில்தான் இருக்கும், அதனால் முட்டிக்கு ஒரு தடித்த துணி கட்டிக்கொள்வது லென்ஸுக்கு அடுத்தபடி அவசியமான உபகரணம் என்று நினைக்கிறேன்.

கும்பிடுபூச்சியிடம் இது தலைகீழ். அது ஓடாது, உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதன் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி தெரியும், நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் புள்ளியும் கூடவே வரும். உண்மையில் அது கருவிழி இல்லை. நம்மை நேராகப் பார்த்திருக்கும் சின்னக் கண்கள் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கிக்கொள்வதால் அந்த இடம் மட்டும் இருண்டு தெரிகிறது. ஆனால் படத்தில் அந்தப் புள்ளி இருந்தால்தான் பார்வைக்கு உயிர் வருகிறது. இரண்டு கண்களிலும் புள்ளி தெரியும் கோணம் வரும்வரை நான் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பேன். தாவும் சிலந்தியும் லென்ஸைத் திரும்பிப் பார்க்கும். அது பூச்சி இனம் இல்லை என்றாலும் மேக்ரோ பழகுபவர்களுக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. எட்டுக் கண்களில் முன்னால் இருக்கும் பெரிய இரண்டும் உங்களைப் பார்த்து நிற்கும். நீங்கள் அவசரப்பட்டால் லென்ஸ் மேலேயே தாவி ஏறிவிடும்.

இப்போது லென்ஸ் விஷயம். மேக்ரோவில் 1:1 என்றால் பூச்சி எவ்வளவு பெரிதோ அதே அளவில் கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழுகிறது என்று பொருள். முழு ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ. ஆக, ஐந்து மி.மீ. எறும்பு 1:1-இல் படத்தின் அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான் வரும். எறும்பின் முகம் வேண்டுமென்றால் 2:1, 3:1 என்று மேலே போக வேண்டும். 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் ஒன்று இருந்தால் வண்ணத்துப்பூச்சி, தட்டான், வெட்டுக்கிளி எல்லாவற்றுக்கும் போதும். அது இல்லாவிட்டாலும் தொடங்கலாம். 50 மி.மீ. லென்ஸைத் தலைகீழாக மாட்டும் வளையம் ஒன்று போதும், ஏறக்குறைய 1:1 கிடைத்துவிடும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டால் லென்ஸ் சென்சாரிலிருந்து விலகி உருப்பெருக்கம் கூடும், 50 மி.மீ. லென்ஸுக்கு 25 மி.மீ. டியூப் என்றால் கூடுதலாக நிஜ அளவில் பாதி. ரேனாக்ஸ் 250 மாதிரி லென்ஸின் முன்னால் கவ்விக்கொள்ளும் எட்டு டயாப்டர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் நன்றாக உழைக்கும். நான் முதல் மூன்று வருடம் அதை வைத்துத்தான் எடுத்தேன். செல்பேசியின் மேக்ரோவில் மிக அருகே போக வேண்டியிருப்பதால் பேசியின் நிழலே பூச்சி மேல் விழும். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரும் நேரத்தைத் தேர்ந்துகொண்டால் அதிலும் நல்ல படம் எடுக்கலாம்.

எல்லோரும் தடுமாறும் இடம் ஃபோகஸின் ஆழம். லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைச் சொல்வது எஃப் எண்; எண் கூடக் கூடத் துளை சிறிதாகும். 1:1-இல் எஃப்/8 வைத்தால் தெளிவாகத் தெரியும் பகுதி சுமார் ஒரு மி.மீ.தான். 2:1 போனால் அரை மி.மீ.கூட இல்லை. கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கும், உணர்கொம்பைப் பிடித்தால் கண் போய்விடும். சரி, எஃப்/22 வைத்துவிடுவோம் என்று தோன்றும். நானும் ஒரு பருவம் முழுக்க எஃப்/22-இல் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது அருமையாக இருந்த படங்கள் பெரிதாக்கிப் பார்த்தபோது பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தன. காரணம் எளிது. 1:1-இல் லென்ஸின் எஃப் எண் நடைமுறையில் இரட்டிப்பாகிறது. எஃப்/22 வைத்தால் அது எஃப்/44 மாதிரி நடந்துகொள்ளும். அவ்வளவு சின்னத் துளை வழியாக வரும் ஒளி சிதறி விரிந்து நுட்பமான விவரங்களை அழித்துவிடுகிறது. அதோடு வெளிச்சமும் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அந்தப் பருவத்துப் படங்களில் கம்பளிப்பூச்சியின் ரோமம் ஒன்றுகூடத் தனித்தனியாகத் தெரியவில்லை. இப்போது 1:1-இல் எஃப்/8 முதல் எஃப்/11, அதற்கு மேல் உருப்பெருக்கம் போனால் எஃப்/5.6 அல்லது எஃப்/8. இதைத் தாண்டுவதில்லை.

ஆழம் போதாததைக் கோணத்தால் சரிக்கட்டலாம். வண்ணத்துப்பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தால், சென்சார் அந்த இறக்கைக்கு இணையாக இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். ஒரு மி.மீ. ஆழத்துக்குள்ளேயே முழு இறக்கையும் கண்ணும் அடங்கிவிடும். கேமராவை அரை அங்குலம் திருப்பினால்கூட இறக்கையின் ஒரு ஓரம் மங்கிவிடும். எங்கே இணையாக நிற்கிறோம் என்று கண் பழக நாளாகும், ஆனால் பழகிவிட்டால் அப்புறம் யோசிக்கவே வேண்டாம்.

ஆட்டோஃபோகஸை நிறுத்திவிடுங்கள். வேண்டிய உருப்பெருக்கத்தை லென்ஸில் வைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் ஒரு நெல்மணி அளவு அசைத்து, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துங்கள். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சை இழுப்பதற்கு முன்பு வரும் அமைதியில் கை அதிகம் ஆடாது. காற்று அடித்தால் இதுவும் உதவாது, டிரைபாடும் உதவாது. டிரைபாட் கேமராவைத்தான் நிறுத்தும், செடியை நிறுத்தாது. எனக்குப் பெரிதும் கைகொடுத்தது இடது கை வித்தைதான். பூச்சி உட்கார்ந்திருக்கும் தண்டை, பூச்சியிலிருந்து நன்றாகக் கீழே, இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்பகுதியை அதே கையின் மேல் வையுங்கள். இப்போது காற்று எப்படி அடித்தாலும் தண்டும் லென்ஸும் சேர்ந்தே ஆடும், நடுவில் இருக்கும் தூரம் மாறாது. தண்டைத் தொடும் முதல் நொடிதான் கஷ்டம். இலை ஒன்று வந்து உரசிய மாதிரி, காற்று அடிக்கும் சமயம் பார்த்துத் தொட வேண்டும். குளிர்ந்த காலையில் இது பத்தில் எட்டு முறை எனக்குப் பலித்திருக்கிறது, நண்பகலில் ஒன்றிரண்டு முறைதான்.

ஃபிளாஷைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பூச்சிப் படங்களைக் கெடுப்பதும் அதுதான், காப்பாற்றுவதும் அதுதான். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அதன் ஒளி பல ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிதான் நீடிக்கும். ஷட்டர் 1/200 விநாடியில் இருந்தாலும் அசைவை உறைய வைப்பது அந்தக் குறுகிய ஒளிதான். அதனால்தான் கையில் பிடித்தபடியே 2:1 எடுக்க முடிகிறது. ஆனால் வெறும் ஃபிளாஷை வண்டின் மேல் அடித்துப் பாருங்கள். முதுகில் வெள்ளைப் பொட்டு ஒன்று கண்ணைப் பறிக்கும், அதைச் சுற்றி நிறமெல்லாம் செத்துப் போயிருக்கும். பொறிவண்டு, குளவி, எறும்பு, பச்சை உலோகம் மாதிரி மின்னும் வண்டுகள் எல்லாமே கண்ணாடி மாதிரிதான். எதிரே இருக்கும் விளக்கின் உருவத்தை அப்படியே காட்டிவிடும். ஆகவே விளக்கைப் பெரிதாக்க வேண்டும். பெரிதென்றால் பூச்சியின் கண்ணுக்குப் பெரிது. வெள்ளைத் துணியோ தடித்த டிரேசிங் தாளோ கொண்டு, லென்ஸின் நுனிவரை வளைந்து நீளும் ஒரு டிஃப்யூசர் செய்துகொள்ளுங்கள். ஃபிளாஷுக்கும் துணிக்கும் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். ஒளி துணி முழுக்கப் பரவ வேண்டும். துணியின் நடுவில் மட்டும் பளிச்சென்று இருந்தால் அந்தப் பளிச்சிடல்தான் வண்டின் முதுகில் தெரியும்.

நான் எட்டோ ஒன்பதோ டிஃப்யூசர் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றையும் சோதிக்க ஒரே வழிதான் வைத்திருக்கிறேன். ஒரு கறுப்பு உருண்டையை, பளபளப்பான குண்டு மணியோ பித்தானோ எதுவானாலும் சரி, வீட்டிலேயே எடுத்துப் பார்ப்பேன். உருண்டையில் தெரியும் வெள்ளை வடிவத்தின் விளிம்பு மெதுவாகக் கரைந்தால் டிஃப்யூசர் தேறிவிட்டது. விளிம்பு வெட்டியெடுத்த மாதிரி இருந்தால் இன்னொரு அடுக்குத் துணி.

ஃபிளாஷ் வெளிச்சம் தூரம் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். பூச்சிக்குப் பின்னால் இரண்டடி தள்ளி இருக்கும் புதர்வரை அது எட்டாது, பின்னணி இரவு மாதிரி கறுத்துவிடும். பகலில் திரியும் பூச்சியை நள்ளிரவில் எடுத்த மாதிரி காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. சென்சாரின் ஒளி உணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டி இயற்கை வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது பூச்சியின் பின்னால் ஒரு சாண் தூரத்தில் வேறொரு இலை வரும்படி நின்றுகொள்ளலாம்.

பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும் ஸ்டாக்கிங் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தூங்கும் பூச்சிக்கும் குளிரில் விறைத்த பூச்சிக்கும் அது நன்றாக வரும். பத்துப் பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் ஒரு மயிரிழை தள்ளி, வரிசை தவறாமல். நடுவில் உணர்கொம்பு ஒருமுறை அசைந்துவிட்டால் சேர்ந்த படத்தில் இரண்டு உணர்கொம்பு நான்காகிவிடும். நான் அதிகம் செய்வதில்லை.

பூச்சி அசையாமல் இருக்க வேண்டும் என்ற ஆசை புதிது இல்லை. 1665-இல் வெளிவந்த ‘மைக்ரோகிராஃபியா’ என்ற புத்தகத்தில் ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் தான் பார்த்தவற்றைப் பெரிய படங்களாக வரைந்தார். எறும்பு அவருக்குப் பெரும்பாடு கொடுத்தது. காலை ஒட்டிவைத்தால் உடம்பை முறுக்கியது. கொன்றால் சுருங்கிப் போனது. கடைசியில் பிராந்தியில் முக்கினார். ஒரு மணி நேரம்போல மயங்கிக் கிடந்த எறும்பு திடீரென்று எழுந்து ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அவருக்கு அந்த எறும்பை வேறு எந்த வழியிலும் காட்ட முடியாது. நமக்கு அந்தக் காரணம் இல்லை. இருந்தும் இன்றைக்கும் பூச்சியைப் பிடித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து விறைக்க வைத்து, பிறகு இலையில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள். காலைப் பசையால் ஒட்டுகிறார்கள். ஒரு வெட்டுக்கிளியின் மேல் ஒரு நத்தையை ஏற்றி வைக்கிறார்கள். இதை நான் முழு மனதோடு எதிர்க்கிறேன். அந்தப் பூச்சிக்கு நேரும் துன்பம் முதல் காரணம். இரண்டாவது, அந்தப் படம் சொல்வது பொய். கொஞ்சம் பார்த்துப் பழகியவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும். விறைத்த தட்டான் காலால் தண்டைப் பற்றியிருக்காது, சும்மா சாய்ந்து கிடக்கும்.

தோலுரிக்கும் பூச்சியிடம் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். பழைய தோலிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த வெட்டுக்கிளியோ தட்டானோ மெழுகு மாதிரி வெளுத்து, மெத்தென்று தொங்கிக்கொண்டிருக்கும். இறக்கை விரிந்து இறுகுவதற்குள் கீழே விழுந்தால் அது கோணலாகவே இறுகிவிடும், அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பறக்க முடியாது. அந்தச் சமயத்தில் தண்டைத் தொடும் வித்தையெல்லாம் கூடாது. தள்ளி நின்று, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த பெரிய கேடு ஒன்று உண்டு. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான்காவது வருடம், ஒரு மாலையில், வேலியோரம் காய்ந்த கொடித் தண்டு ஒன்றில் ஏழு தேனீக்கள் வரிசையாகத் தூங்குவதைப் பார்த்தேன். வயிற்றில் நீலப் பட்டைகள் மின்னும் வகை; அமெகில்லா என்பது பேரினம். தேனீ என்றாலே கூடும் தேனடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. இந்த வகையில் பெண் தேனீ மண்ணில் துளை போட்டுத் தங்குகிறது. ஆண்களுக்கு வீடு இல்லை. மாலையானால் ஒரு தண்டைத் தேடி வந்து, தாடையால் கவ்விக்கொண்டு, கால்களை மடக்கி, அப்படியே அந்தரத்தில் தூங்குகின்றன. பிடிமானம் அந்தத் தாடை ஒன்றுதான். ஒவ்வொரு மாலையும் அதே தண்டுக்கு வருகின்றன.

இரண்டு மாலை நன்றாகப் போனது. மூன்றாவது மாலை, லென்ஸுக்கு முன்னால் ஒரு புல் இதழ் குறுக்கே நின்றது. நல்ல வெளிச்சம் இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கும் என்ற அவசரத்தில் அதைப் பிடித்து இழுத்தேன். அந்தப் புல் கொடியோடு பின்னிக் கிடந்திருக்கிறது. தண்டு சுண்டியது. ஏழும் ஒரே நேரத்தில் கிளம்பி, இருட்டிக்கொண்டிருந்த வேலிக்குள் தட்டுத் தடுமாறிப் போயின. ஒன்று என் சட்டையில் மோதிக் கீழே விழுந்து, நடந்து, புல்லுக்குள் மறைந்தது. மறுநாள் மாலை இரண்டுதான் வந்தன. அதற்கு அடுத்த நாள் ஒன்றும் இல்லை. அந்தப் பருவம் முடியும்வரை தினமும் போய்ப் பார்த்தேன், தண்டு காலியாகவே இருந்தது.

அதற்குப் பிறகு இழுப்பதையும் ஒடிப்பதையும் விட்டுவிட்டேன். பையில் துணி மாட்டும் கிளிப்புகள் நான்கு எப்போதும் இருக்கும். குறுக்கே நிற்கும் புல்லை வளைத்து, பக்கத்துப் புல்லோடு கிளிப் போட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். அதையும் பூச்சி இருக்கும்போது செய்வதில்லை. தூங்க வரும் இடம் தெரிந்தால், நடுப்பகலில், அவை வெளியே சுற்றும் நேரத்தில் போய் இடத்தைச் சரி செய்து வைப்பேன். எந்தப் புல் எதோடு பின்னியிருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். அதற்கு மேல் குறுக்கே வருவதெல்லாம் படத்திலும் இருந்துவிட்டுப் போகட்டும். மாலையில் ஃபோகஸ் வைக்கச் சிவப்பு விளக்குதான். தேனீக்களின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது. ஃபிளாஷ் ஒரு மாலைக்குப் பத்துப் பன்னிரண்டு முறைக்கு மேல் அடிப்பதில்லை.

எடுத்த பூச்சி எது என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால், அழகான ஒரு கோணம் மட்டும் போதாது. முகம் மட்டும் எடுத்த ஈயை யாராலும் இனம் சொல்ல முடியாமல் போகலாம். ஈக்களுக்கு இறக்கை நரம்புகள் முக்கியம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று, எந்தச் செடியில் இருந்தது என்று காட்டத் தள்ளி நின்று ஒன்று. நான்கும் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி, உயிரினங்களை அடையாளம் காண உதவும் இணையதளங்களில் போடும்போது பதில் வர வாய்ப்பு அதிகம். கூடவே ஒரு சின்ன நோட்டு: தேதி, நேரம், செடி, வெயிலா மேகமா, அது என்ன செய்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து அந்த நோட்டு, எந்த வாரத்தில் எங்கே போய் உட்கார வேண்டும் என்று உங்களுக்கே சொல்லும். என்னிடம் இப்போது ஆறு நோட்டு இருக்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் கேமராவுக்கு முன்னால் அவற்றைத்தான் தூக்குவேன்.

இன்னொன்று, மண்ணில் முட்டி போடுவதற்கு முன்பு அந்த இடத்தைக் குச்சியால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். ஒரு சின்னப் பூச்சியின் கண்ணில் மனம் ஒன்றிப்போனால், கால் பக்கத்தில் பாம்பு இருந்தாலும் தெரியாது. குளவிக்கூட்டுக்கு நேரே மூச்சு விடாதீர்கள். ரோமப்புழுவைத் தொடாதீர்கள்.

அந்தத் தேனீக்கள் போன வருடம் திரும்ப வந்தன. அதாவது அவை இல்லை. வளர்ந்த தேனீக்குச் சில வார ஆயுள்தான், இவை பல தலைமுறை தாண்டியவை. வேலியின் மறுகோடியில் வேறொரு காய்ந்த தண்டு. நேற்று மாலை 5.40-க்கே போய், ஆறடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன். முதல் தேனீ 5.52-க்கு வந்தது. 6.20-க்குள் எட்டு. அவை வந்ததும் தூங்குவதில்லை. கால்களால் வயிற்றை வழிக்கும், உணர்கொம்பை ஒவ்வொன்றாக முன்காலில் கொடுத்து இழுத்துத் துடைக்கும். ஒன்பதாவது வந்தபோது தண்டில் இடம் இல்லை. மேல் நுனியில் இருந்ததைக் காலால் தள்ளிப் பார்த்தது, அது அசையவில்லை. பறந்து ஒரு சுற்றுச் சுற்றி, கீழே மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் இறங்கி, இரண்டையும் கொஞ்சம் நெருக்கி, தாடையை அகலத் திறந்து தண்டைக் கவ்வியது. கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. உணர்கொம்புகள் மெல்லத் தாழ்ந்தன. அதற்கப்புறம்தான் கேமராவை எடுத்துக்கொண்டு முழங்காலில் முன்னால் நகர ஆரம்பித்தேன்.